அடுக்குக்குறி விதிகள்: விரிச்சு எண்ணத் தெரிஞ்சா போதும்

ஏழாங்கிளாஸ்ல சாதாரணமா ஆரம்பிக்கற பாடம் இது. எட்டாவதுல குறை அடுக்கு வரும், ஒன்பதாவதுல மூலம், முறுடு, அறிவியல் குறியீடுன்னு வளரும், பதினொண்ணாவதுல மடக்கைன்னு வேற பேர்ல வந்து நிக்கும், நடுவுல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி எதைத் தொட்டாலும் 10 தலைமேல ஒரு குட்டி நம்பரோட உக்காந்திருக்கும். ஆக இத அரைகுறையா விட்டா நாலஞ்சு வருஷத்துக்கு தொல்லை.

ஆனா சொல்லிக்குடுக்கற விதம்தான் பெரும்பாலும் தலைகீழா இருக்கு. ஏழு விதியையும் ஒரு சார்ட்ல எழுதி சுவத்துல ஒட்டிடுவாங்க, பசங்களும் ‘பெருக்கினா கூட்டு, வகுத்தா கழி’ன்னு கடகடன்னு ஒப்பிப்பாங்க, ஆனா 2³ + 2⁴ எவ்வளவுன்னு கேட்டா 2⁷னு எழுதி வெச்சிருப்பாங்க. விதி தெரியும், அந்த விதி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. அதனால இங்க சார்ட் கிடையாது. ஒவ்வொரு விதியையும் விரிச்சு எழுதி எண்ணிப் பாத்து நாமளே கண்டுபிடிக்கப் போறோம், பரீட்சை ஹால்ல மறந்துபோனாலும் ரஃப் ஒர்க்ல ரெண்டே நிமிஷத்துல திரும்ப வரவெச்சிடலாம். எழுத்து வெச்ச ஃபார்முலாவும் வேணாம், எல்லாமே எண்லயே பாக்கலாம், எண்ல பிடிபட்டா எக்ஸ் வந்தாலும் ஒண்ணும் மாறாது.

ஸ்டெப் 1: அந்தக் குட்டி நம்பர் என்ன சொல்லுது

5³னா மூணு 5ஐ எடுத்து பெருக்கு. 5 × 5 × 5 = 125. கீழ இருக்கற 5 அடிமானம், மேல இருக்கற 3 அடுக்கு (இலங்கைல படிக்கறவங்களுக்கு அடி, சுட்டி). அடுக்குங்கறது பெருக்க வேண்டிய எண் இல்ல, எத்தனை தடவைங்கற எண்ணிக்கை. 3² = 6னு எழுதற பிள்ளை இதத்தான் குழப்பிக்கிது, 3 × 2 போட்டிருக்கு, 3 × 3 போடல. சிரிச்சிட்டு விட்டுடாதீங்க, ஏழாவதுல வர்ற இந்தக் குழப்பம் ஒன்பதாவது வரைக்கும் கூடவே வர்றத பாத்திருக்கேன்.

அடுக்கே போடாம வெறும் 6னு இருந்தா அது 6¹. அதனால 6 × 6⁴ங்கறது 6⁵. 6⁴னு விட்டுட்டுப் போறவங்க நிறைய.

இந்தப் பாடத்துல மனப்பாடம் பண்ணணும்னா ஒண்ணே ஒண்ணுதான், சில எண்களோட அடுக்கு வரிசை. 2க்கு 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024. 3க்கு 3, 9, 27, 81, 243, 729. 5க்கு 5, 25, 125, 625. 7க்கு 7, 49, 343. 2ஓட வரிசை பாதி ஏற்கனவே தெரிஞ்சதுதான், போன் வாங்கும்போது 64 ஜிபி, 128 ஜிபி, 256 ஜிபின்னு கேக்கறோமே அதேதான். முன்னாடியிருந்து சொல்லத் தெரிஞ்சா பத்தாது, பின்னாடியிருந்தும் வரணும். 243னு பாத்த உடனே 3⁵னு தோணணும், ஏன்னா கணக்குல அவங்க 3⁵னு குடுக்க மாட்டாங்க, 243னு குடுத்துட்டு நாம கண்டுபிடிக்கறோமான்னு பாப்பாங்க. 72 மாதிரி எண் வந்தா பகாக்காரணியா உடைச்சு 2³ × 3²னு எழுதணும்.

ஸ்டெப் 2: பெருக்கல், இங்கதான் நேரம் போகட்டும்

2³ × 2⁴. விரிச்சு எழுதுங்க: (2 × 2 × 2) × (2 × 2 × 2 × 2). மொத்தம் எத்தனை 2 இருக்கு? ஏழு. அப்போ 2⁷. சரிபாக்கணுமா, 8 × 16 = 128, 2⁷உம் 128. ஒரே அடிமானத்த பெருக்கும்போது அடுக்குகள ஏன் கூட்டறோம்னா ரெண்டு கும்பல்ல இருக்கறத சேத்து எண்றோம், அவ்வளவுதான்.

டியூஷன்ல ஒரு பையன் நோட்டுல இதே கணக்குக்கு விடை 4⁷னு இருந்துச்சு. கேட்டா ‘2உம் 2உம் பெருக்கினா 4, 3உம் 4உம் கூட்டினா 7’னு பதில், அவன் சொல்றதுலயும் ஒரு லாஜிக் இருக்கு பாருங்க. தப்புன்னு சொல்லல, விரிச்சு எழுதுடான்னேன். எழுதினான், ஒவ்வொரு 2 மேலயும் பென்சில் முனைய வெச்சு எண்ணினான், ஏழு வந்துச்சு. ‘இதுல 4 எங்க இருக்கு காட்டு’ன்னேன், கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு ரப்பர எடுத்தான். 4⁷ங்கறது 16384, 128க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொரு கூட்டம் 3 × 4 = 12ன்னு 2¹² போடும், அது 4096. சின்ன எண்ல விடைய சரிபாக்கற பழக்கம் வந்துட்டாலே இந்த ரெண்டு தப்பும் தானா நின்னுடும்.

செய்தில ‘லட்சம் கோடி’ன்னு பட்ஜெட் கணக்கு சொல்லும்போது இதே விதிதான் ஓடுது. லட்சம் 10⁵, கோடி 10⁷, லட்சத்த கோடியால பெருக்கினா 10¹². அதாவது 1க்குப் பின்னாடி 12 பூஜ்ஜியம். விரலவிட்டு பூஜ்ஜியம் எண்ண வேண்டிய அவசியமே இல்ல.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. நடுவுல கூட்டல் குறி இருந்தா இந்த விதி செல்லாது. 2³ + 2⁴ = 8 + 16 = 24, இதுக்கு குறுக்குவழி எதுவும் கிடையாது, மதிப்பு கண்டுபிடிச்சுதான் கூட்டணும் (இல்லன்னா 2³ஐ பொதுவா வெளிய எடுத்து 2³ × (1 + 2)னு எழுதலாம், அதுவும் 24தான்). அதே மாதிரி அடிமானம் வேற வேறயா இருந்தாலும் கூட்ட முடியாது. 2³ × 3²ஐ 6⁵னு எழுதினா அது 7776, நிஜ விடை 72.

அடிமானம் வேற, ஆனா அடுக்கு ஒண்ணு, அப்படி வந்தா மட்டும் ஒரு வசதி இருக்கு. 2³ × 5³ல ஒவ்வொரு 2க்கும் ஒரு 5ஐ ஜோடி சேத்தா (2 × 5) மூணு தடவை வரும், ஆக 10³, 1000. மனக்கணக்குக்கு ரொம்ப கைகொடுக்கற விதி இது, பசங்க அதிகம் கண்டுக்கறதில்ல.

ஸ்டெப் 3: வகுத்தல்

5⁶ ÷ 5². மேல ஆறு 5, கீழ ரெண்டு 5, கீழ இருக்கற ரெண்டும் மேல ரெண்ட அடிச்சிட்டுப் போயிடும், மிச்சம் நாலு. 5⁴ = 625. அடுக்குலயும் 6 ÷ 2 போட்டு 5³னு எழுதக் கூடாது, நாம அடிச்சது ரெண்டு உருப்படிய, பாதிய இல்ல.

ஸ்டெப் 4: அடுக்குக்கு மேல அடுக்கு

(3²)⁴னா 3²ங்கற பொட்டலம் நாலு. 3² × 3² × 3² × 3², மொத்தம் எட்டு 3, அதனால 3⁸ = 6561. இங்க அடுக்குகள பெருக்கறோம். எப்ப கூட்டணும் எப்ப பெருக்கணும்னு சந்தேகம் வந்தா ஒரு கேள்வி கேட்டுக்கங்க: அடிமானம் கண்ணுக்கு ரெண்டு தடவை தெரியுதா? 3² × 3⁴ல ரெண்டு 3 தெரியுது, கூட்டு. (3²)⁴ல ஒரே 3தான், அடைப்புக்குள்ள உக்காந்திருக்கு, பெருக்கு.

அடைப்பே இல்லாம 2 மேல 3, அந்த 3 மேல இன்னும் குட்டியா ஒரு 2 இருந்தா மேல இருந்து கீழ வரணும், முதல்ல 3² = 9, அப்புறம் 2⁹ = 512. (2³)² அப்படி இல்ல, அது 2⁶ = 64. ஒரு அடைப்புக்குறிக்கு இவ்வளவு வித்தியாசம்.

அடைப்புக்குள்ள எண்ணும் எழுத்தும் சேந்து வந்தா அடுக்கு எல்லாருக்கும் போய்ச் சேரும். (3எக்ஸ்²)³ = 27எக்ஸ்⁶. எக்ஸுக்கு மட்டும் போட்டுட்டு 3ஐ அப்படியே விடறவங்களும் இருக்காங்க, 3ஐ 3ஆல பெருக்கி 9னு போடறவங்களும் இருக்காங்க. இது பெருக்கலுக்கு மட்டும்தான், (2 + 3)²ஐ 2² + 3²னு பிரிச்சா 13 வரும், சரியான விடை 25.

ஸ்டெப் 5: பூஜ்ஜியமும் குறை அடுக்கும்

இவ்வளவு நேரம் எண்ணியே ஓட்டிட்டோம். ஆனா 2⁰ன்னா பூஜ்ஜியம் தடவை 2, 2⁻³ன்னா மைனஸ் மூணு தடவை 2, இத எப்படி எண்றது? எண்ண முடியாது. இங்கதான் ‘எந்த எண்ணோட அடுக்கு 0ஆ இருந்தாலும் 1’னு கட்டளை போட்டுட்டு வாத்தியார்கள் அடுத்த பக்கம் திருப்பிடறாங்க, பசங்களுக்கு மேஜிக் மாதிரி இருக்கு. அப்படி விட்டுடாதீங்க, இத மேல இருந்து கீழ எழுதச் சொல்லுங்க:

2⁴ = 16
2³ = 8
2² = 4
2¹ = 2

ஒவ்வொரு படி இறங்கும்போதும் அடுக்கு ஒண்ணு குறையுது, மதிப்பு பாதியாகுது. அதே ஒழுங்குல இறங்கிக்கிட்டே போங்க:

2⁰ = 1
2⁻¹ = 1/2
2⁻² = 1/4
2⁻³ = 1/8

எண்ண முடியாத இடத்துக்கு வந்ததும், இதுவரைக்கும் இருந்த ஒழுங்கு கெடாம பாத்துக்கிட்டா விடை தானா வருது. வகுத்தல் விதில இருந்தும் பாக்கலாம், 7³ ÷ 7³ எவ்வளவு? ஒரே எண்ண அதே எண்ணால வகுத்தா 1. விதிப்படி 7⁰. ரெண்டும் ஒரே கணக்கு, அதனால 7⁰ = 1தான் ஆகணும், வேற வழியே இல்ல. 5² ÷ 5⁵ பாருங்க, மேல ரெண்டு கீழ அஞ்சு, அடிச்சா கீழ மூணு மிஞ்சுது, 1/5³. விதிப்படி 5⁻³. குறை அடுக்குன்னா மிச்சம் கீழ நிக்கிதுன்னு அர்த்தம், அவ்வளவே.

0⁰ என்னன்னு ஒரு பிள்ளையாவது கேக்கும், கேட்டா சந்தோஷப்படுங்க. மேல சொன்ன வழில போனா 0ஐ 0ஆல வகுக்க வேண்டி வரும், அது நடக்காது. அதனாலதான் ஸ்கூல் புக்ல ‘பூஜ்ஜியம் அல்லாத எண்’னு ஒரு நிபந்தனை சேத்து எழுதியிருப்பாங்க, பசங்க படிக்காம தாண்டிப் போற வார்த்தை அதுதான்.

அடுக்குல மைனஸ் இருந்தா விடைலயும் மைனஸ் வரணும்னு ஒரு பிரமை எல்லாருக்கும் உண்டு. 2⁻³ = −8 இல்ல, −6உம் இல்ல, 1/8. மிகை எண்ணுதான், சின்னதா இருக்கு அவ்வளவுதான். பின்னம் வந்தா தலைகீழா திருப்பிப் போட்டு மைனஸ எடுத்துடுங்க, (2/3)⁻² = (3/2)² = 9/4. திருப்பினா மைனஸ் போச்சு, திருப்பாம மைனஸ மட்டும் எடுத்தா மார்க் போச்சு.

குறை அடுக்கு பசங்களுக்கு லேட்டா புரியுதேன்னு கவலைப்படறவங்களுக்கு ஒரு தகவல், ஜெர்மனிக்காரர் மிக்கேல் ஷ்டீஃபல் 1544ல போட்ட புத்தகத்துலயே குறை அடுக்கு வருது, ஆனா நாம இன்னிக்கு எழுதற மாதிரி எழுத்துக்கு மேல குட்டி நம்பர் போடற வழக்கத்த பரப்பினவர் பிரான்ஸ்காரர் டெகார்ட், அது 1637. அவரும்கூட எக்ஸ்²னு எழுதாம நிறைய இடத்துல எக்ஸ்எக்ஸ்னு ரெண்டு தடவையே எழுதிட்டுப் போயிருக்கார். இந்தக் குறியீடு பெரியவங்களுக்கே ஒரே நாள்ல வரல.

ஸ்டெப் 6: மைனஸும் அடைப்புக்குறியும்

(−2)⁴ = 16. −2⁴ = −16. முதல்ல அடைப்பு இருக்கு, மைனஸோட சேத்து நாலு தடவை பெருக்கறோம், மைனஸ் ஜோடி ஜோடியா போயிடுது. ரெண்டாவதுல அடுக்கு 2க்கு மட்டும்தான் சொந்தம், முதல்ல 2⁴ கண்டுபிடிச்சு அப்புறம் முன்னாடி மைனஸ ஒட்டணும். அடைப்புக்குள்ள குறை எண் இருந்து அடுக்கு இரட்டைப்படையா இருந்தா விடை மிகை, ஒற்றைப்படையா இருந்தா குறை. அதனால (−1)¹⁰¹ஐ பாத்து யாரும் பயப்பட வேணாம், −1தான்.

இதுல ஒரு வேடிக்கை, எக்செல்ல =-2^2னு அடிச்சுப் பாருங்க, 4னு வரும், ஏன்னா அது மைனஸ முதல்ல சேத்துக்கும். கணக்கு நோட்டுல அது செல்லாது, நோட்டுல −4தான். எக்செல்ல காட்டி வாத்தியார்கிட்ட வாதாடாதீங்க.

ஸ்டெப் 7: கலந்து வர்ற கணக்கு

பரீட்சைல ஒரு விதிய மட்டும் தனியா கேக்கமாட்டாங்க. (3⁵ × 9²) ÷ 27²னு வரும். முதல் வேலை, எல்லாத்தையும் ஒரே அடிமானத்துக்கு கொண்டாறது. 9 = 3², ஆக 9² = 3⁴. 27 = 3³, ஆக 27² = 3⁶. இப்ப 3⁵ × 3⁴ ÷ 3⁶ = 3³ = 27. இதுல விதிய விட 27ஐ பாத்து 3³னு அடையாளம் தெரியறதுதான் பெரிய விஷயம், ஸ்டெப் 1ல வரிசைய படிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

குறை அடுக்கு கலந்தா: (4⁻² × 2⁷) ÷ (8⁰ × 2⁻¹). 4⁻² = 2⁻⁴, 8⁰ = 1. மேல 2³, கீழ 2⁻¹, வகுத்தா 3 − (−1) = 4, விடை 2⁴ = 16. இந்த 3 − (−1)ல 2னு எழுதறவங்கதான் அதிகம், மைனஸ்க்குள்ள மைனஸ் வந்தா அடைப்பு போட்டே எழுதுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

(2⁻¹ + 3⁻¹)⁻¹னு ஒண்ணு வரும், அது கூட்டல் பொறி. உள்ள 1/2 + 1/3 = 5/6, திருப்பினா 6/5. 2 + 3 = 5னு எழுதிட்டு வர்றவங்க ஸ்டெப் 2 எச்சரிக்கைய இன்னொரு தடவை படிங்க.

தெரியாத எண் அடுக்குல இருந்தா, உதாரணமா 5ஓட அடுக்கு (எக்ஸ் + 2), மதிப்பு 3125னா, 3125 = 5⁵, ரெண்டு பக்கமும் அடிமானம் ஒண்ணா ஆயிடுச்சு, அடுக்க மட்டும் சமப்படுத்துங்க, எக்ஸ் + 2 = 5, எக்ஸ் = 3.

ஸ்டெப் 8: ஒன்றாம் இலக்கம்

7⁵⁰ஓட கடைசி இலக்கம் என்னன்னு கேப்பாங்க, முழுசா பெருக்க யாராலயும் முடியாது. கடைசி இலக்கத்த மட்டும் பாத்துக்கிட்டே போங்க: 7, 9, 3, 1, திரும்ப 7, 9, 3, 1. நாலுக்கு ஒரு தடவை சுத்துது. 50ஐ 4ஆல வகுத்தா மீதி 2, வரிசைல ரெண்டாவது 9, அதான் விடை. மீதி 0 வந்தா நாலாவத எடுக்கணும், முதலாவத இல்ல. 2க்கு 2, 4, 8, 6. 3க்கு 3, 9, 7, 1. 8க்கு 8, 4, 2, 6. 4உம் 9உம் ரெண்டுக்கு ஒரு தடவையே சுத்திடும். 0, 1, 5, 6 மாறவே மாறாது.

ஸ்டெப் 9: பெரிய எண்கள சுருக்கி எழுதறது

சூரியன் நம்மகிட்ட இருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர். அறிவியல் குறியீட்டுல 1.5 × 10⁸ கிலோமீட்டர், முன்னாடி நிக்கற எண் 1ல இருந்து 10க்குள்ள இருக்கணும், 15 × 10⁷னு எழுதினா மதிப்பு சரி, வடிவம் தப்பு. மீட்டர்ல 10³ஆல பெருக்கினா 1.5 × 10¹¹. ஒளி ஒரு வினாடிக்கு சுமார் 3 × 10⁸ மீட்டர் போகும். ரெண்டையும் வகுங்க, 1.5 ÷ 3 = 0.5, 10¹¹ ÷ 10⁸ = 10³, ஆக 500 வினாடி, கிட்டத்தட்ட 8 நிமிஷம் 20 வினாடி. அத்தனை பூஜ்ஜியம் எழுதி வகுத்திருந்தா ஒரு பக்கம் போயிருக்கும்.

கூட்டும்போது மட்டும் 10ஓட அடுக்க முதல்ல ஒண்ணாக்குங்க. 3 × 10⁵ + 4 × 10⁴ங்கறது 7 × 10⁹ இல்ல, மூணு லட்சமும் நாப்பதாயிரமும் சேந்தா மூணு லட்சத்து நாப்பதாயிரம், அதாவது 3.4 × 10⁵. வாயால தமிழ்ல சொல்லிப் பாத்தாலே தப்பு தெரிஞ்சிடும்.

ஒன்பதாவது பசங்களுக்கு மட்டும்: அடுக்கு பின்னமா வந்தாலும் அதே ஒழுங்குதான். 9ஓட அடுக்கு ½ஐ அதே எண்ணால பெருக்கினா அடுக்கு ½ + ½ = 1, அதாவது 9 வரணும். எத அதாலயே பெருக்கினா 9? 3. ஆக அடுக்கு ½னா வர்க்கமூலம். 8ஓட அடுக்கு ⅓, அதே வழில கனமூலம், 2.

போட்டுப் பாக்க எட்டு கணக்கு, விடைய பாக்காம:

1) 6 × 6² × 6³
2) (−3)³ + (−3²)
3) (2³)² ÷ 2⁶
4) (1/4)⁻² × 2⁻³
5) 3⁴ + 3⁴ + 3⁴
6) 2¹⁰⁰ல பாதி
7) 8⁴³ஓட ஒன்றாம் இலக்கம்
8) (6 × 10⁷) ÷ (3 × 10⁻²)

விடை: 6⁶, −36, 1, 2, 3⁵ அதாவது 243, 2⁹⁹, 2, 2 × 10⁹.

அஞ்சாவதுல 3¹²னு போட்டவங்க, அங்க இருக்கறது கூட்டல், 3⁴ மூணு இருக்கு, 3 × 3⁴. ஆறாவதுல 2⁵⁰னோ 1¹⁰⁰னோ போட்டிருந்தா நூறு 2ல ஒரு 2ஐ மட்டும் அடிச்சுப் பாருங்க.